கேள்வி நேரம்: வேல்ஸ் நாட்டுப் பப்பில் சாப்பாடும் சம்பிரதாயமும்

சென்ற இதழில் ஆட்டிறைச்சிச் சூப் வகைகளைப் பற்றி எழுதியபோது, பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸ் நாட்டின் 'கவ்ல்' என்னும் சூப்பைக் குறித்தும், அதை நான் முதன்முதலில் ருசித்த கிராமத்துப் பப்பை, அதாவது சாப்பாடும் கிடைக்கும் மதுக்கடையைக் குறித்தும் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அதன்பின் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சூப்பை விட்டுவிட்டுப் பப்பைப் பிடித்துக்கொண்டன. கார்டிஃப், ஸ்வான்சீ என்னும் வேல்ஸ் நகரங்களில் பிள்ளைகள் படிக்கிற வீடுகள் நம் பக்கத்தில் எவ்வளவு பெருகிவிட்டன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஸ்வான்சீயில் 14 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் என்ற உரிமையில், இந்த இதழின் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ரசப்பொடி கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: மகனின் பட்டமளிப்பு விழாவுக்காகச் சென்ற ஆண்டு கார்டிஃப் போயிருந்தோம். ஒரு பழைய பப்பில் நானும் என் மனைவியும் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தும், ஒருவரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கள் நிறத்தைப் பார்த்து ஒதுக்கினார்களோ என்ற மனக்குறை இன்னும் இருக்கிறது, அம்மா. (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: உங்கள் மனத்தில் தைத்ததை இங்கிருந்துகொண்டு நான் மறுத்துரைக்க முடியாது, ஆனாலும் காரணம் பெரும்பாலும் வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். வேல்ஸின் பழைய பப்புகளில் மேசைக்கு வந்து கேட்கும் வழக்கமே கிடையாது. வந்தவர்தான் எழுந்து கவுன்ட்டருக்குப் போய், வேண்டியதைச் சொல்லி, அப்போதே பணத்தையும் கொடுத்துவிட்டு, குடிப்பதைத் தம் கையாலேயே மேசைக்கு எடுத்துவர வேண்டும். உணவாக இருந்தால் மேசை எண்ணைச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால் போதும், தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள். கத்தி, முள்கரண்டி, சாஸ் எல்லாம் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் பெட்டியில் இருக்கும். அவற்றையும் நாமே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால், யாருக்காகவோ காத்திருக்கிறார் போலும், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

நாங்களும் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் படித்தோம். ஸ்வான்சீயை ஒட்டிய கவர் என்னும் தீபகற்பத்தில் ஒரு கிராமத்துப் பப்பில், என் கணவர் நேரு வீதி காபிக் கடையில் அழைப்பதுபோலக் கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினார். கவுன்ட்டரில் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள்; பார்த்தபடியே கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில் நாயைக் காலடியில் படுக்க வைத்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து வந்து, என் கணவரின் தோளைத் தொட்டு, ஒன்றும் பேசாமல் கவுன்ட்டரைச் சுட்டிக் காட்டினார். அந்த மனிதரின் நயத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் நன்றியும் சேர்ந்தே வருகின்றன. கவுன்ட்டரில் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தார் என்பது நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். உங்கள் முறை வருவதற்கு முன்பே ஊழியர் உங்களைக் கேட்டுவிட்டால், 'இவர் எனக்கு முன்னே வந்தார்' என்று பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுங்கள். அன்று முழுவதும் உங்களுக்கு அங்கே நல்ல பெயர்தான்.

ஆனால் ஒரு குறையை நானும் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் எந்த நேரத்திலும் ஏதாவது ஒன்று கிடைக்கும். அங்கே சமையற்கூடத்துக்குத் தனி நேரம் உண்டு. இரண்டு பேருந்து மாறி, மழையில் நனைந்து, மதியம் இரண்டேகால் மணிக்கு ஒரு மலைக்கிராமத்துப் பப்பில் நுழைந்தோம். கதவு திறந்திருந்தது, கணப்பில் தீ எரிந்தது, பத்துப் பேர் உட்கார்ந்து குடித்துக்கொண்டிருந்தார்கள், ஆனால் சமையல் இரண்டு மணியோடு முடிந்துவிட்டது என்றார்கள். பசியோடு வந்தவளுக்கு ஒரு கிண்ணம் சூப்பைச் சுடவைத்துத் தரலாகாதா என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அன்று. உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம் இரண்டைத் தின்றுவிட்டுத் திரும்பினோம். கிளம்புமுன் தொலைபேசியில் சமையல் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு இடத்தையே முன்பதிவு செய்துவிட வேண்டும்.

கேள்வி: நான் முட்டைகூடச் சேர்க்காத சைவம். மகள் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். வார இறுதியானால் பப்பில்தான் சாப்பாடு என்கிறாள். எதை நம்பிச் சாப்பிடலாம்? (வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே சைவம் போலத் தோற்றம் தருகிற பல பண்டங்களில் கண்ணி இருக்கிறது.

முதலில் 'வெல்ஷ் ரேர்பிட்'. ரொட்டியைச் சுட்டு, உருக்கிய சீஸை அதன்மேல் ஊற்றி, மேற்புறம் பொன்னிறமாகும்வரை வாட்டித் தருவார்கள். சீஸும் ரொட்டியும்தானே என்று என் சிநேகிதி ஒருத்தி நான்கு ஆண்டுகள் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த சீஸை உருக்கும்போது கடுகோடும் பியரோடும் வொர்செஸ்டர் சாஸையும் சேர்ப்பது வழக்கம். அந்தச் சாஸில் நெத்திலி வகை மீன் ஊறியிருக்கிறது. விவரம் தெரிந்த அன்று அவள் முகம் போன போக்கை நான் எழுத விரும்பவில்லை.

அடுத்தது 'கிளமோர்கன் சாசேஜ்'. பெயர் அசைவம்போல ஒலித்தாலும் இதில் இறைச்சி துளியும் இல்லை. கேர்ஃபிலி என்னும் உப்புச் சுவையுள்ள, கையில் உதிர்கிற வெள்ளை சீஸையும், நம் வெங்காயத்தாளுக்குத் தடித்த அண்ணன் போன்ற லீக் என்னும் கீரைத்தண்டையும், ரொட்டித் தூளையும் பிசைந்து, விரல் நீளத்துக்கு உருட்டிப் பொரித்தெடுப்பது. வாழைப்பூ வடை பிடித்தவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். வேல்ஸில் நான் தேடிப் போய் உண்ட பண்டம் இதுதான். ஆனால் மாவு பிடிப்பதற்கு முட்டையைச் சேர்ப்பவர்களே மிகுதி என்பதால் நீங்கள் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வாமையை உண்டாக்கக்கூடிய 14 பொருள்களில் எவை எந்தப் பண்டத்தில் உள்ளன என்பதை உணவகங்கள் கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும் என்ற விதி 2014 முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. அந்தப் பதினான்கில் மீனும் உண்டு, முட்டையும் உண்டு. 'இது சைவமா' என்று கேட்டால் பதில் சொல்பவரின் எண்ணப்படி ஒரு பதில் வரும். ஒவ்வாமைப் பட்டியலைக் கேட்டு வாங்கினால் ரேர்பிட்டில் ஒளிந்திருக்கும் மீன் வெளியே வந்துவிடும். இறைச்சி மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உருளைக்கிழங்கு சிப்ஸை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள், மாட்டுக் கொழுப்பிலா, மீன் பொரித்த எண்ணெயிலா என்பதையும், கிரேவி எதில் செய்தது என்பதையும் வாய்விட்டுக் கேளுங்கள். முகம் சுளிக்காமல் உள்ளே போய்க் கேட்டு வந்து சொல்வார்கள்.

மருமகன் பியர் குடிப்பவராக இருந்தால் அவருக்கும் ஒரு செய்தி. மரபுவழிப் பியரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது நெடுங்கால வழக்கம். கூறல் கத்தாழை பிடித்த நம் மீனவர்கள் 'நெட்டி' என்று தனியே எடுத்து நல்ல விலைக்கு விற்பார்களே, அந்த உறுப்புத்தான். இப்படித் தெளியவைக்கப் பயன்படும்போது அதைப் பட்டியலில் காட்ட வேண்டியதில்லை என்று விலக்கும் இருக்கிறது. சேர்க்காமல் காய்ச்சுகிறவர்களும் இப்போது பெருகிவிட்டார்கள். அவரும் கேட்டுப் பார்க்கட்டும்.

கேள்வி: நான் நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வேல்ஸ் என்றாலே நிலக்கரிதான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தொழிலாளிகள் பப்பில் என்ன சாப்பிட்டார்கள்? இன்றும் அது கிடைக்கிறதா? (வாசகர், நெய்வேலி)

பதில்: கிடைக்கிறது. தெற்கு வேல்ஸின் பள்ளத்தாக்குகளில் ஆழ்சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன. தொழிலாளர்களே பங்கு போட்டு வாங்கி நடத்திய டவர் சுரங்கமும் 2008 ஜனவரியில் மூடப்பட்டது. சுரங்கம் போனாலும் அந்தச் சாப்பாடு போகவில்லை. 'ஃபேகட்' என்பது பன்றியின் ஈரலையும் மற்ற உள்ளுறுப்புகளையும் கொத்தி, வெங்காயமும் ரொட்டித் தூளும் சேர்த்து, எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கிச் சுடுவது. குழைய வேகவைத்த பட்டாணியும் கெட்டியான கிரேவியும் அதற்குத் துணை. எட்டு மணி நேரம் நிலத்துக்கடியில் வேலை செய்து வந்தவரின் பசிக்கென்று ஏற்பட்ட சாப்பாடு அது. காரம் தேடாதீர்கள், மிளகு மட்டும் தெரியும்.

கவ்லைப் பற்றிச் சென்ற இதழில் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஆட்டிறைச்சி, லீக், உருளைக்கிழங்கு, ஸ்வீடு (swede) என்னும் மஞ்சள் கிழங்கு ஆகியவற்றைச் சிறு தீயில் வெகுநேரம் வேகவைத்து, கிண்ணத்தில் ஊற்றி, பக்கத்தில் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு துண்டு சீஸும் வைத்துத் தருவார்கள். புதிதாக இறக்கியதைவிட மறுநாள் சுடவைத்த கவ்லுக்குத்தான் மதிப்பு. அதற்கென்று 'கவ்ல் எயில்டுவிம்', அதாவது இரண்டாம் முறை சூடேறிய கவ்ல், என்று தனிப்பெயரே இருக்கிறது. முதல் நாள் மீன் குழம்பை மறுநாள் காலை பழைய சோற்றோடு உண்ட கடலூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் முதன்முதலில் உண்டபோது அதைக் கொண்டுவந்து வைத்த பெண்மணி, 'இன்று செய்ததல்ல, நேற்றையது' என்று பெருமையோடு சொன்னதை, மீந்ததைத் தலையில் கட்டுகிறாளே என்று நான் தவறாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது கரண்டியில் அந்த எண்ணம் போய்விட்டது.

கடற்கரைப் பப்புகளில் 'பாரா லவர்' கேட்டுப் பாருங்கள். பாறைகளில் படர்கிற கடற்பாசியை மணிக்கணக்கில் வேகவைத்து அரைத்த, கரும்பச்சை நிறத்துக் கூழ் அது. ஓட்ஸ் மாவில் புரட்டித் தட்டி, பன்றி இறைச்சியோடும் மட்டியோடும் பொரித்துத் தருவார்கள். மட்டிக்குப் பேர்போன ஊர் கவரில் உள்ள பென்க்ளவ்த். பெண்கள் கழுதைகளோடு ஓதம் வடிந்த சேற்றுக்குப் போய் மட்டி பொறுக்கி வந்த ஊர். பார்வைக்கு அந்தக் கூழ் அழகில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாயில் வைத்தால் கடல் மணக்கும்.

இன்னொன்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். கார்டிஃப் பக்கத்துப் பப்பில் கோழிக் கறி கேட்டால், 'சோறா, சிப்ஸா, பாதிப் பாதியா' என்று கேட்பார்கள். ஒரே தட்டில் பாதி சோறு, பாதி உருளைக்கிழங்கு சிப்ஸ், இரண்டின்மேலும் கறிக் குழம்பு! முதலில் தலையில் அடித்துக்கொண்டேன். மழைக்கால இரவுகளில் பிறகு நானே கேட்டு வாங்கினேன்.

கேள்வி: அங்கே பியரைக் குளிரவைக்காமல் தருவதாகவும், குவளை நிறைய நுரை இல்லாமல் தருவதாகவும் நண்பர் குறைப்படுகிறார். ஏமாற்றுகிறார்களா? (வாசகர், முதலியார்பேட்டை, புதுச்சேரி)

பதில்: நுரை குறைந்தால் நமக்கு லாபம்தானே, ஐயா! ஒரு பைண்ட் என்பது 568 மில்லிலிட்டர். அரைப் பைண்டும் கேட்கலாம், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். அளவு சட்டப்படியானது, குவளையில் முத்திரையே இருக்கும். நுரை மிகுந்து அளவு குறைந்ததாகத் தோன்றினால், இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள் என்று சொல்வதற்கு வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. நயமாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஊற்றுவார்கள்.

குளிர்ச்சியைப் பற்றிய குறை பழக்கத்தினால் வருவது. நிலவறையில் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாம் முறை நொதித்து, இயந்திரக் காற்று அடைக்காமல், கவுன்ட்டரிலுள்ள கைப்பிடியை இழுத்து மேலேற்றும் 'ஏல்' வகையைச் சுமார் 11 முதல் 13 பாகை வெப்பத்தில்தான் தருவார்கள். புதுச்சேரி வெயிலில் ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த 650 மில்லிப் புட்டிக்குப் பழகிய கைக்கு அது வெதுவெதுப்பாகத் தெரியும். இன்னும் குளிரவைத்தால் மால்ட்டின் (முளைகட்டிய பார்லியின்) மணமும் கசப்பும் நாக்குக்குத் தெரியாமல் மரத்துப் போகும் என்பது அவர்கள் வாதம். குடிக்காத நான் இதில் தீர்ப்புச் சொல்வதற்கில்லை. என் கணவருக்கு இரண்டு ஆண்டுகளில் பழகிவிட்டது. குளிர்ந்ததுதான் வேண்டும் என்பவர் லாகர் என்னும் பியர் வகையைக் கேட்டால் போதும்.

என் கணவர் விரும்பிக் குடித்தது லனெல்லி நகருக்குப் பக்கத்தில் ஃபெலின்ஃபோயல் என்னும் சிறு ஆலை காய்ச்சும் ஏல். ஐரோப்பாவிலேயே முதன்முதலில் பியரைத் தகர டப்பாவில் அடைத்துப் பார்த்த ஆலைகளில் அது ஒன்று, ஆண்டு 1935. தகரத் தகடு செய்யும் ஊர் லனெல்லி. அக்காலத்தில் தகரத் தொழில் படுத்துக் கிடந்ததால், உள்ளூர்த் தகட்டுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

கேள்வி: டிப்ஸ் எவ்வளவு வைக்க வேண்டும்? சுத்தமான இடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (வாசகி, நெல்லித்தோப்பு)

பதில்: கவுன்ட்டரில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் இல்லை. மனம் கேட்காவிட்டால், பணம் கொடுக்கும்போது 'உங்களுக்கும் ஒன்று' என்று சொல்லுங்கள். விரும்பினால் ஒரு பானத்தின் விலையைச் சேர்த்து எடுத்துக்கொள்வார். சுத்தத்துக்கு, வாசலில் ஒட்டியிருக்கும் 0 முதல் 5 வரையிலான மதிப்பெண்ணைப் பாருங்கள். 2013 நவம்பர் முதல் வேல்ஸில் அதை ஒட்டியே தீர வேண்டும் என்பது சட்டம். பக்கத்து இங்கிலாந்தில்கூட அப்படிக் கட்டாயம் இல்லை. மூன்றுக்குக் கீழே இருந்தால் நான் நுழைவதில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் முள்ளோடை எல்லையைத் தாண்டினால் சட்டமும் விலையும் மாறுவது ஊரறிந்த கதை. அதுபோன்ற கூத்து அங்கேயும் உண்டா? (வாசகர், பாகூர்)

பதில்: உண்டு, அதுவும் நம்மைத் தோற்கடிக்கிற அளவுக்கு. வேல்ஸில் சிற்றாலயங்கள் எனப்படும் கிறிஸ்தவச் சபைகளின் செல்வாக்கும் மதுவிலக்கு இயக்கமும் ஓங்கியிருந்த காலத்தில், 1881-இல், ஞாயிற்றுக்கிழமைகளில் பப்புகளை மூட வேண்டும் என்று வேல்ஸுக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. இங்கிலாந்தோடு சேர்த்தே ஆளப்பட்ட அந்நாட்டுக்கென்று தனியாகச் சட்டம் செய்யலாம் என்பதற்கு அதுவே நவீன காலத்தின் முதல் எடுத்துக்காட்டு என்பார்கள். ஒரு நாட்டின் தனித்தன்மை பூட்டிய சாராயக்கடை வாசலில் ஒப்புக்கொள்ளப்பட்டது என்றால் விந்தைதானே!

சட்டம் வந்தவுடன் சந்தும் வந்தது. உண்மையான வழிப்போக்கருக்கு மட்டும் ஊற்றலாம் என்று விலக்கு இருந்ததால், ஞாயிறுதோறும் ஊரே வழிப்போக்கராகிப் பக்கத்து ஊருக்கு நடந்தது. அந்த ஊர்க்காரர் இந்த ஊருக்கு நடந்தார். உறுப்பினர்கள் மட்டும் கூடும் மன்றங்களுக்கு (கிளப்புகளுக்கு) சட்டம் பொருந்தாததால் அவையும் பெருகின. 1961-இல் மாவட்டந்தோறும் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தி, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் கேட்பது என்று ஏற்பாடானது. கிழக்கும் தெற்கும் திறந்துகொள்ள, வேல்ஸ் மொழியும் ஆலயமும் வலுவாக இருந்த மேற்குப் பகுதிகள் மூடியே வைத்தன. ஞாயிறு மாலையில் வண்டி கட்டிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்குப் போவது அங்கே ஒரு தலைமுறையின் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது. கடைசியாகத் திறந்தது வடமேற்கிலுள்ள துவிவோர் என்னும் வட்டாரம், அது 1996-இல்தான்.

விலைக் கூத்து இப்போது நடக்கிறது. 2020 மார்ச் 2 முதல், 10 மில்லி தூய ஆல்கஹாலுக்கு 50 பென்ஸுக்குக் குறைத்து விற்கலாகாது என்று வேல்ஸ் விதித்தது. எல்லைக்கு அப்பால் இங்கிலாந்தில் அந்த விதி இல்லை. பப்பில் விலை எப்போதுமே அதைவிட மிகுதி என்பதால் பப்பில் உட்கார்ந்து குடிப்பவருக்கு மாற்றமில்லை. கடையில் மலிவு வகையைப் பெட்டியாக வாங்குபவருக்குத்தான் எல்லை நினைவுக்கு வரும். ஆல்பேட்டைச் சோதனைச் சாவடி போன்ற ஒன்று அங்கே கிடையாது என்பது ஒன்றே வேறுபாடு.

கேள்வி: தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டைக்கும் வேல்ஸுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே, பப் வரைக்கும் அந்தத் தொடர்பு வருமா? (வாசகர், தேவனாம்பட்டினம்)

பதில்: வேடிக்கையாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் வரும். 1690-இல் மராத்தியரிடமிருந்து அந்தக் கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியபோது சென்னையில் அதிகாரத்தில் இருந்தவர் எலிஹூ யேல். பீரங்கிக் குண்டு விழுகிற தூரம் வரையுள்ள ஊர்களெல்லாம் சேர்த்தி என்று பேசி வாங்கியதன் எச்சம்தான் நம் குண்டு சாலை. யேலின் குடும்பம் வேல்ஸைச் சேர்ந்தது. அதனால் அந்நாட்டின் காவல் புனிதரான டேவிடின் பெயரைக் கோட்டைக்கு வைத்தார் என்று சொல்வார்கள். 1721-இல் இறந்த அவருடைய கல்லறை வடகிழக்கு வேல்ஸின் ரெக்ஸம் நகரத்து ஆலயத்தில் இருக்கிறது. அதே நகரில் அவர் பெயரில் ஒரு பப்பும் வைத்தார்கள். ஆனால் அது நாடெங்கும் கிளை பரப்பிய ஒரு நிறுவனத்தின் கடை, மரபுவழிப் பப் என்று அதைச் சொல்ல மாட்டேன். ரெக்ஸமுக்கு உண்மையான பெருமை வேறு: 1882-இல் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் பிரிட்டனின் முதல் லாகர் ஆலைகளில் ஒன்றை அங்கேதான் தொடங்கினார்கள். இடையில் 2000-இல் நின்றுபோன அந்த லாகர் 2011 முதல் மீண்டும் காய்ச்சப்படுகிறது.

மார்ச் 1 டேவிடின் திருநாள். அன்று பப்புகளில் கவ்ல் கொதிக்கும், சட்டையில் லீக் அல்லது மஞ்சள் டாஃபோடில் பூவைக் குத்திக்கொண்டு கூட்டம் நெரியும். அந்தப் புனிதரோ தண்ணீரைத் தவிர வேறெதையும் குடிக்காதவர் என்பது மரபு. 'தண்ணீர்க்காரர்' என்றே அவருக்கு ஒரு பட்டப்பெயர்.

கேள்வி: அயலார் உள்ளே நுழைந்தவுடன், அதுவரை ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்தவர்கள் வேண்டுமென்றே வேல்ஸ் மொழிக்கு மாறிவிடுவார்களாமே? (தமிழாசிரியர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: இங்கிலாந்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது. கதவைத் திறப்பதற்குமுன் உள்ளே எந்த மொழி பேசினார்கள் என்பது வெளியில் நின்றவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் அவர்களைக் கேட்க வேண்டும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் தேநீர் குடிக்க ஒரு பிரெஞ்சுக்காரர் வந்து நின்றால், அவரைக் கண்டபின்பா நாம் தமிழுக்கு மாறுகிறோம்? 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸ் மொழி பேசுவோர் 17.8 விழுக்காடு, ஏறத்தாழ 5,38,000 பேர். கார்டிஃப் பப்பில் அது அரிதாகக் காதில் விழும். வடமேற்கில் குவினெத் பக்கம் போனால் அதுதான் பேச்சு மொழி.

ஒரு சொல் சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். பப்புக்கு அவர்கள் சொல் 'தவர்ன்'. உரோமர்களின் லத்தீனிலிருந்து வந்தது. பியருக்குக் 'கூரூ'. நன்றி 'டியோல்ஹ்'. குவளையைத் தூக்கும்போது 'யெஹிட் டா', அதாவது நல்ல உடல்நலம். குடிப்பதற்குமுன் உடல்நலம் வேண்டுவதில் உள்ள முரணை, செவிலியராக இருந்த என்னிடம் யாரும் விளக்கக் கேட்காதீர்கள்.

கேள்வி: மது அருந்தாத பெண் நான். தோழியரோடு போனால் என்ன குடிப்பது? (மாணவி, காலாப்பட்டு)

பதில்: 'சைடர்' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஆப்பிள் சாறு என்று நினைத்து வாங்கிய நம் பெண் ஒருத்தி, இரண்டு குவளைக்குப் பிறகு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். அங்கே அது பியருக்கு நிகரான மது. 'ஷாண்டி'யிலும் பாதி பியர். 'லெமனேட்' என்பது நம் எலுமிச்சைச் சாறு அன்று, நிறமில்லாத இனிப்புச் சோடா. சோடாவில் லைம் கார்டியல் ஊற்றித் தரச் சொன்னால் நம் ஊர் ருசிக்குக் கிட்டத்தட்ட வரும். மதுக்கடை உரிமம் பெற்ற இடங்களில் கேட்கும் வாடிக்கையாளருக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தந்தாக வேண்டும் என்பதும் விதி. தோழியர் முறைவைத்து ஒவ்வொருவராக எல்லோருக்கும் வாங்கினால், உங்கள் முறை வரும்போது நீங்களும் எழுந்து போய் வாங்கிவிடுங்கள். சோடா குடித்தவள் என்று நழுவினால் அதுதான் அங்கே மரியாதைக் குறைவு.

கேள்வி: வரும் ஜனவரியில் போகிப் பண்டிகையின்போது தங்கை வீட்டில், பெம்ப்ரோக்ஷயரில் இருப்பேன். பழமை மாறாத பப் ஒன்றைச் சொல்லுங்கள். (வாசகர், வில்லியனூர்)

பதில்: இரண்டு சொல்கிறேன். ரோஸ்புஷ் என்ற சிற்றூரில் 'தவர்ன் சிங்க்' இருக்கிறது. பெயருக்கேற்பத் துத்தநாகம் பூசிய நெளிதகட்டால், 1876-இல் ரயில் பயணிகளுக்காகக் கட்டிய கட்டடம், வெளியே சிவப்பு வண்ணம், உள்ளே தரையில் மரத்தூள். 2017-இல் மூடப்படும் நிலை வந்தபோது ஊர் மக்களும் வெளியூர் அபிமானிகளும் பங்கு போட்டு அதை வாங்கிவிட்டார்கள். கிராமத்துப் பப்புகள் ஒவ்வொன்றாக மூடப்படுகிற காலத்தில், ஊராரே வாங்கி நடத்தும் வழக்கம் வேல்ஸில் புதிதன்று. வடக்கே லித்வைன் கிராமத்தில் 1988-லேயே அப்படிச் செய்தார்கள்.

மற்றொன்று குவைன் பள்ளத்தாக்கில் பொன்ட்வைன் என்னும் இடத்திலுள்ள டஃப்ரின் ஆர்ம்ஸ். பல தலைமுறையாக ஒரே குடும்பத்தின் கையில் இருப்பது. அங்கே கவுன்ட்டரே இல்லை. ஒரு வீட்டின் முன்னறை, சுவரில் ஒரு சிறு திறப்பு, அதன்வழியே ஜாடியிலிருந்து ஊற்றித் தருவார்கள். சாப்பாட்டுக் கடை அன்று என்பதால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நீங்கள் போகிற நாளும் பொருத்தமான நாள். 1752-இல் நாட்காட்டியை மாற்றியபோது அந்தப் பள்ளத்தாக்குக்காரர்கள் பழைய கணக்கை விடவில்லை. இன்றும் ஜனவரி 13 அன்றுதான் அவர்களுக்குப் புத்தாண்டு, 'ஹென் கலான்' என்று பெயர். காலையில் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ப் பாடிக் காசும் மிட்டாயும் வாங்குவார்கள். மாலையில் பெரியவர்கள் அந்த முன்னறையில் நெருக்கி உட்காருவார்கள். வழி குறுகலானது, இருட்டானது, பேருந்தை நம்ப முடியாது. வாகனம் ஓட்டுபவருக்கு அங்கே 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை சட்டம் இடம் கொடுக்கிறது, நம் நாட்டில் 30 மட்டுமே. அந்த 80-ஐ நம்பி உங்கள் மைத்துனர் ஒரு குவளை எடுப்பேன் என்றால், சாவியைத் தங்கையிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.